உரைத்தும் என்றலும் உரைத்தாம் என்றலும்

நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் நூலுக்குரிய உத்திகளை 32 எனத் தொகுத்துரைத்தார். அவற்றுள் ‘ஓத்துமுறை வைத்தல்’ என்பது இயல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரல்பட அமைத்தலாகும். ‘உரைத்தும் என்றல்’ என்பது பின்னர்க் கூறவிருக்கும் பொருளை, ‘அதனை இன்னவிடத்து உரைப்போம்’ என முன்னரே குறித்து வைத்தல். ‘உரைத்தாம் என்றல்’ என்பது முன்னர்க் கூறி முடித்த பொருளை, ‘அதனை ஆண்டு உரைத்தோம்’ என நினைவூட்டுதல். ஒரு நூலின் உறுப்புகள் தனித்தனியே கிடவாது ஒன்றையொன்று தழுவி நிற்பது இவ்வுத்திகளால் என்பதை இலக்கணங் கற்றோர் நன்கறிவர்.

இவை பழைய இலக்கண நூலாருக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் பொருந்தாது. இன்று கணினியில் நூலெழுதி அதனை அச்சுக்கும் மின்னூலுக்கும் உரிய கோப்பாக மாற்ற முயலும் ஒவ்வொருவரும் இம்மூன்று உத்திகளோடும் மல்லாட வேண்டியவராகின்றார். இயல்களுக்குத் தலைப்பிடுதல் ஒன்று; ஓரியலிலிருந்து மற்றோரியலைச் சுட்டுதல் மற்றொன்று. ஆங்கிலத்திற் ‘குறொஸ் றெபரன்ஸ்’ எனப்படும் இதனை நாம் இங்கு ‘முன்பின் சுட்டு’ என வழங்குவோம். எழுதுகையில் ஒழுங்காய் நின்ற இவையிரண்டும் கோப்பினை மாற்றுகையிற் குலைந்துபோவதைப் பலர் கண்டிருப்பர். நம் பழைய மாணவருள் தத்தம் ஊர், தோட்டம், கோயில், பாடசாலை ஆகியவற்றின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கும், கட்டுரைத் தொகுதி அமைக்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இதன் இயல்பைச் சிறிது விளக்குவாம்.

ஏடும் பக்கமும்

ஓலைச்சுவடியில் ஏட்டெண் கொண்டு இடஞ்சுட்டுதல் நிலையான பயன் தராது. பெயர்த்தெழுதுவோன் கையெழுத்தின் பருமைக்கும் ஓலையின் நீளத்துக்கும் ஏற்ப ஏடுகளின் தொகை வேறுபடும். ஒரு சுவடியிற் பத்தாம் ஏட்டில் நின்ற செய்தி அதன் படியிற் பதினான்காம் ஏட்டிற்குச் சென்றுவிடும். ஆதலின் நம் முன்னோர் நூலின் உறுப்புக்கே பெயரிட்டு, அப்பெயரையே முகவரியாகக் கொண்டனர். தொல்காப்பியம் 3 அதிகாரமும், அதிகாரந்தோறும் 9 இயலுமாக 27 இயல்களை உடையது. திருக்குறள் 133 அதிகாரங்களாற் பகுக்கப்பெற்றது. ‘புணரியலுட் காண்க’ என்றால் எந்தச் சுவடியை எடுத்தாலும் அவ்விடத்தை அடையலாம்.

பின்னர் அச்சுக்கலை வந்தது. அச்சிட்ட படிகள் யாவும் ஒரேவகையாய் இருந்தமையின் பக்க எண் நம்பத்தக்கதாயிற்று. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைச் சுவடியினின்றும் அச்சேற்றிய காலம் அது. ஐயரவர்கள் 1887இற் சீவக சிந்தாமணியையும், 1892இற் சிலப்பதிகாரத்தையும், 1894இற் புறநானூற்றையும் வெளியிட்டார்கள். அவர்கள் பதிப்புகளிற் காணப்படும் அகராதிகளும் ஒப்புமைக் குறிப்புகளும் கையாற் குறிப்பெடுத்துக் கண்ணாற் சரிபார்த்துச் சேர்க்கப்பட்டவை. பக்க எண் ஒன்று மாறினும் குறிப்பு முழுவதையும் மீளப் பார்க்கவேண்டிய உழைப்பு அது.

இப்பொழுது மூன்றாவதொரு காலத்தில் நாம் நிற்கின்றோம். கையடக்கத் தொலைபேசியில் மின்னூலைப் படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கம் மூன்று திரைகளாக விரிகின்றது, சிறிதாக்கினாற் சுருங்குகின்றது. அங்கே ‘45ஆம் பக்கம் காண்க’ என்னும் வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. பெயர்த்தெழுதுந்தோறும் ஏட்டெண் மாறிய அந்த நிலையே மீண்டும் வந்துள்ளது எனலாம். ஆகவே முன்னோர் கண்ட நெறியே இன்றும் ஏற்றது: பக்கத்தைச் சுட்டாது பொருளைச் சுட்டுக, இடத்தை எண்ணாற் பிணியாது பெயராற் பிணிக்க. இக்கட்டுரை கூறவந்தது இவ்வொன்றே. இனி வருவன யாவும் இதன் விரிவே.

இடாப்பிற் பெயர் பதிதல்

தலைப்பை இருவகையாக எழுதலாம். ஒரு வரியைத் தட்டெழுதி, அதனைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தாக்கி நடுவில் நிறுத்துதல் ஒருவகை. அவ்வரியைத் தெரிந்து, வேர்ட் அல்லது லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் உள்ள ‘ஹெடிங் 1’ என்னும் பாணியை அதற்கு அளித்தல் மற்றொருவகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முதலாவது வெறும் பெரிய எழுத்து, இரண்டாவதே தலைப்பு. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவனின் பெயர் இடாப்பிற் பதியப்படாவிடின், ஆசிரியர் பெயர் அழைக்கையில் அவன் பெயர் வாராது. பாணி பெறாத தலைப்பும் அத்தகையதே. பொருளடக்கம் அமைக்கும்போதும், மின்னூலாக மாற்றும்போதும், பி.டி.எப். கோப்பின் பக்கவாட்டில் இயற்பட்டியல் தோன்றும்போதும் அஃது அழைக்கப்படாது விடப்படும்.

லிப்ரே ஒபிஸ் 2018இல் வெளியான 6.0 பதிப்பு முதல் ஆவணத்தை நேரே மின்னூலாக மாற்றித் தருகின்றது. அம்மாற்றத்தில் எவ்விடத்தில் ஓரியல் முடிந்து அடுத்தது தொடங்குகின்றது என்பதைத் தலைப்புப் பாணியைக் கொண்டே அறியச் செய்யலாம். பாணி இல்லையெனின் நூல் முழுவதும் பிரிவற்ற ஒரே நெடுஞ்சுருளாகிவிடும்.

தலைப்பு நீண்டதாயின் அதனை இரு வரியாக்க ‘என்டர்’ விசையை அழுத்துவது பலர் வழக்கம். அவ்வாறு செய்தால் ஒரு தலைப்பு இரண்டாகிப் பொருளடக்கத்தில் இரு வேறு இயல்கள் போலத் தோன்றும். தலைப்பைச் சுருக்கி எழுதுவதே நன்று. தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’, ‘உருபியல்’ என்பன ஒவ்வொரு சொல்லே. உள்ளிருப்பது யாதென்பதை அவ்வொரு சொல்லே உணர்த்திவிடுகின்றது.

ஸ்கிறிவ்னர் போன்ற, நூலெழுதுவதற்கென்றே அமைந்த மென்பொருள்களில் முறை சற்று வேறு. அங்கே ஒவ்வோரியலும் தனித் தாளாக ஒரு பட்டியலில் நிற்கும். அத்தாளுக்கிட்ட பெயரையே தலைப்பாக அச்சிடுக என்றோ, அச்சிடற்க என்றோ நூலைத் தொகுத்து வெளியிடும் வேளையிற் கட்டளையிடலாம். தாளுக்கும் பெயரிட்டு, உள்ளேயும் அத்தலைப்பைத் தட்டெழுதி வைத்தவருக்குத் தலைப்பு இருமுறை அச்சாகும். தாளின் பெயரையே நம்பி உள்ளே எழுதாதவர் கட்டளையிட மறப்பின் தலைப்பே இன்றி இயல் தொடங்கும். ஆதலின் தலைப்பு இருக்கவேண்டிய இடம் இரண்டில் எது என்பதை முதலிலேயே துணிந்து, நூல் முழுவதும் அதனையே கைக்கொள்ளல் வேண்டும்.

எண் பெறுவனவும் பெறாதனவும்

முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை, நன்றியுரை ஆகியன நூலின் முகத்தில் நிற்பன. இவற்றுக்கும் ‘ஹெடிங் 1’ அளித்துத் தானியங்கு எண்ணிடலைத் தொடக்கினால், அணிந்துரை 1ஆம் இயலாகவும் நூலின் உண்மையான முதலியல் 5ஆம் இயலாகவும் ஆகிவிடும். நன்னூலிற் பாயிரம் தனியே நிற்க, எழுத்ததிகாரத்தில் 5 இயலும் சொல்லதிகாரத்தில் 5 இயலும் எண்ணப்படுகின்றன. திருக்குறளிலோ பாயிரமாகிய 4 அதிகாரங்களும் 133இனுள் அடங்குகின்றன. இரண்டும் நெறியே, எந்நெறி தம் நெறி என்பதை நூலாசிரியர் துணியவேண்டும். நன்னூல் நெறியை விரும்புவோர் ‘ஹெடிங் 1’ஐ ஒத்த, ஆனால் எண்ணில்லாத பாணி ஒன்றை அமைத்து, முகவுரைகளுக்கு அதனை அளித்து, பொருளடக்கத்தில் அதுவும் இடம்பெறுமாறு செய்துகொள்ளலாம்.

எண்ணைத் தலைப்பின் முன் கையால் தட்டெழுதலாகாது. தானியங்கு எண்ணிடலை அமைத்துவிட்டால், இயல்களை இடம் மாற்றினும் புதியது புகுத்தினும் எண்கள் தாமே திருந்தும்.

சுட்டு வழிதவறுதல்

இனி முன்பின் சுட்டினை நோக்குவாம். தோட்டப்புற மக்களின் வரலாற்றை ஒருவர் எழுதுகின்றார் எனக் கொள்க. அவர் நூல் ஐந்தியல்: கோப்பிக் காலம், தேயிலைக் காலம், புகையிரதப் பாதை, குடியுரிமை, தோட்டப் பாடசாலை. முதலியலில் 1869இற் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோயும், இரண்டாவதில் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும், மூன்றாவதில் 1924இற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதையும், நான்காவதில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கூறப்படுகின்றன. ஐந்தாமியலில், பிள்ளைகள் பலர் படிப்பை இடைநிறுத்தி இந்தியா சென்ற செய்தியைக் கூறுமிடத்து, ‘இதன் காரணத்தை 4ஆம் இயலிற் காண்க’ எனக் கையால் எழுதிவைக்கின்றார்.

நூல் முடியுந்தறுவாயிற் கங்காணி முறைமை பற்றித் தனியியல் ஒன்று வேண்டுமென உணர்ந்து அதனை இரண்டாவதாகப் புகுத்துகின்றார். தானியங்கு எண்கள் திருந்திவிட்டன. குடியுரிமை 5ஆம் இயலாயிற்று. கையால் எழுதிய ‘4’ மட்டும் அவ்வாறே நிற்கின்றது. படிக்கும் மாணவன் 4ஆம் இயலைத் திறக்கின்றான். அங்கே புகையிரதப் பாதை இருக்கின்றது. ஒரு குடும்பம் ஏன் பிரிந்தது என்று கேட்டவனுக்குத் தண்டவாளம் விடையாகக் கிடைக்கின்றது. இப்பிழையைக் கணினி காட்டாது; எழுத்துப்பிழை திருத்துவோர் கண்ணிலும் எளிதிற் படாது. ‘4’ என்பது பிழையான எழுத்தன்றே!

இதற்கு மருந்து, எண்ணைக் கையால் எழுதாது மென்பொருளின் சுட்டு வசதியால் இடுதல். வேர்டிலும் லிப்ரே ஒபிசிலும் ‘குறொஸ் றெபரன்ஸ்’ எனுங் கட்டளையைத் திறந்தால் நூலின் தலைப்புகள் பட்டியலாக வரும். வேண்டிய தலைப்பைத் தெரிந்து, அதன் எண் வேண்டுமா, பெயர் வேண்டுமா, பக்கம் வேண்டுமா எனக் கூறினால் அது அவ்விடத்தில் அமையும். அஃது அத்தலைப்போடு பிணைந்த உயிருள்ள சுட்டு. தலைப்பு எங்கே சென்றாலும் அதனைப் பின்தொடரும். பக்க எண்ணை அச்சு நூலுக்கு மட்டுங் கொள்க. மின்னூலாகவும் வெளிவரும் நூலுக்கு இயலின் எண்ணும் பெயருமே தக்கன.

ஹாலிஎலக்குப் புகையிரதத்தில் வருவோர் தெமோதரையை அறிவர். நிலையத்தை விட்டு நீங்கிய பாதை வளைந்து சுற்றி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாய்ப் புகுந்து செல்கின்றது. நல்ல சுட்டும் அவ்வாறே படிப்பவனை முன் கடந்த இடத்தின் அடிக்குக் கொண்டுசென்று, பயணத்தைக் கெடாது தொடரச் செய்யவேண்டும்.

வேற்றுமையுருபின் இடர்ப்பாடு

இம்மென்பொருள்கள் ஆங்கிலத்தை முன்னிறுத்தி ஆக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் வேற்றுமைப்பொருள் தனிச்சொல்லால் முன்னே நிற்கும். தமிழிலோ உருபு பெயரோடு ஒட்டிப் புணரும். ‘தோட்டப் பாடசாலை’ என்னும் தலைப்பைச் சுட்டாகக் கொணர்ந்து அதன்பின் ‘இல்’ எனத் தட்டினால் ‘தோட்டப் பாடசாலைஇல்’ என நிற்கும். உடம்படுமெய் தோன்றிப் ‘பாடசாலையில்’ ஆகவேண்டும் என்பதைக் கணினி அறியாது. ‘இயல்’ என்னும் சொல்லும் சுட்டினுள்ளேயே வருமாயின் ‘இயல்இல்’ எனத் திரிபின்றி நிற்குமேயன்றி ‘இயலில்’ ஆகாது. கையால் திருத்தினாலோ, அடுத்தமுறை சுட்டுகளைப் புதுப்பிக்கையில் அத்திருத்தம் அழிந்து பழைய வடிவே மீளும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி நம் மொழியினுள்ளேயே உண்டு. பெயரைத் திரிக்காமல் ஏந்தி நிற்பது ‘என்னும்’ என்னும் சொல். ‘குடியுரிமை’ என்னும் இயலிற் காண்க; ‘தோட்டப் பாடசாலை’ என்னும் இயலை நோக்குக; இவ்வாறு எழுதினால் தலைப்பு எதுவாயினும் சுட்டு முழுமையாய் நிற்கும்; உருபு கையால் எழுதிய ‘இயல்’ என்னும் சொல்லோடு புணரும். தலைப்பைப் பின்னர் மாற்றினும் வாக்கியங் கெடாது.

எண்ணாற் சுட்டுவோர், தலைப்பின் முன் எண் மாத்திரம் நிற்குமாறு அமைத்து, அவ்வெண்ணை மட்டும் சுட்டாகக் கொணர்ந்து, ‘ஆம் இயலில்’ என்பதைக் கையால் எழுதுக. இதில் தமிழுக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் எண்ணுக்கேற்ப ஈறு வேறுபடும். நமக்கோ 1ஆம், 2ஆம், 23ஆம் என எல்லா எண்ணுக்கும் ‘ஆம்’ ஒன்றே போதும். எண் மாறினும் ஈறு மாறவேண்டியதில்லை.

வேடங் கலையும் எழுத்துரு

இலங்கையிற் கணினித் தட்டெழுத்துப் பயின்றோர் பலர் பாமினி எழுத்துருவிற் பழகியவர்கள். அதில் நாம் காண்பது தமிழாயினும் கணினி உள்ளே பதிந்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வேடம் பூட்டுகின்றது. அச்சுத் தாளில் இதனாற் கேடில்லை. ஆனால் பி.டி.எப். கோப்பின் பக்கவாட்டு இயற்பட்டியலும், மின்னூற் கருவியின் பொருளடக்கமும் தத்தம் எழுத்துருவையே பயன்படுத்துவன. அங்கே வேடங் கலைந்து, ‘குடியுரிமை’ என்னும் தலைப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துத் திரளாய்த் தோன்றும். தேடற்பெட்டியில் அச்சொல்லைத் தமிழில் இட்டுத் தேடினாலும் அகப்படாது. சொல்லடைவை அகரவரிசைப்படுத்தச் செய்தால் அதுவும் ஆங்கில வரிசையில் அமையும்.

யூனிகோட் என்னும் உலகப் பொதுக்குறியீடு 1991இன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுத்தது. அதில் ஒவ்வோர் எழுத்தும் தமிழெழுத்தாகவே பதியப்படுகின்றது. ஆகவே பாமினியில் எழுதிய நூலை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாறியபின் மெய்ப்புப் பார்த்து, அதன்பின்னரே தலைப்புப் பாணியும் சுட்டுகளும் இடுக. வரிசை மாறின் உழைப்பு இரட்டிக்கும்.

வெளியிடுமுன் செய்வன

முதலாவது, ‘பக்கம்’, ‘இயல்’, ‘மேலே’, ‘காண்க’ என்னும் சொற்களை நூல் முழுவதும் தேடுக; கையால் எழுதிய சுட்டுகள் பெரும்பாலும் இச்சொற்களின் அருகே ஒளிந்திருக்கும். இரண்டாவது, சுட்டுகளையும் பொருளடக்கத்தையும் புதுப்பிக்க. வேர்டில் முழு ஆவணத்தையும் தெரிந்து ‘எஃப் 9’ விசையை அழுத்தினால் அவை புதுப்பிக்கப்படும். மூன்றாவது, சுட்டிய தலைப்பு நீக்கப்பட்டிருப்பின், சுட்டிய மூலங் காணப்படவில்லை என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியம் அவ்விடத்தில் தோன்றும். அதனைத் தேடித் திருத்துக. கையெழுத்துச் சுட்டு ஓசையின்றிப் பொய்யுரைக்கும். உயிர்ச்சுட்டோ தன் பிழையைத் தானே முறையிடும். நான்காவது, மாற்றிய கோப்பைக் கையடக்கத் தொலைபேசியில் திறந்து ஒவ்வொரு சுட்டையும் விரலால் தொட்டுப் பார்க்க. ஐந்தாவது, பி.டி.எப். கோப்பில் ஒரு தலைப்பைத் தமிழில் தட்டெழுதித் தேடிப் பார்க்க. கொம்பும் காலும் உடைய ‘கொ’, ‘தோ’ போன்ற எழுத்துகள் சில கோப்புகளில் நிலைமாறிக் கிடப்பதால் இச்சோதனை இன்றியமையாதது.

அச்சகத்தார் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளைக் கையாள்வாராயின், அது யூனிகோடுத் தமிழை ஏற்காமையால் நூலைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வர். அப்போது சுட்டுகள் யாவும் வெறும் எழுத்தாய் உறைந்துபோம். எனவே பக்க அமைப்பு முடிந்தபின் பக்க எண்களை மீளவும் ஒருமுறை கண்ணாற் சரிபார்ப்பதோடு, யூனிகோடு மூலப்படியைப் பேணி வைத்தலும் நூலாசிரியர் கடன்.

தேடுவோர்க்கு அகப்படல் வேண்டும்

‘ஒரு தலைப்புக்கும் எண்ணுக்கும் இத்துணைக் கவலையா?’ எனச் சிலர் வினவக்கூடும். மலையகத்தில் எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் சிறுதொகைப் படிகளாகவே அச்சாகின்றன. படிகள் தீர்ந்தபின் அவற்றுக்கு வாழ்வளிப்பன மின்னூலகங்களே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் திட்டமும் அத்தொண்டினை ஆற்றுகின்றன. அங்கே வருவோன் நூல் முழுவதையும் படித்துச் செல்பவனல்லன். ஒரு பெயரையோ ஆண்டையோ நிகழ்ச்சியையோ தேடி வருபவன். தலைப்பு தேடலுக்கு அகப்படாவிடின், அவனளவில் அந்நூல் எழுதப்படாததே ஆகும்.

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) மலையகச் சிறுகதை வரலாற்றை நூலாக எழுதினார். சிதறிக் கிடந்த இதழ்களிலும் தொகுதிகளிலும் யார் எதனை எப்போது எழுதினார் எனத் தேடித் திரட்டினாலன்றி அத்தகைய நூல் உருவாகாது. நாளை நம் தலைமுறையின் வரலாற்றை எழுத ஒருவர் வருவார். 1948இல் இழந்த குடியுரிமைக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடையே நம்மவர் வாழ்ந்த வாழ்வை அவர் நம் நூல்களில் தேடுவார். அவர் கை வைத்த இடத்தில் விடை கிடைக்குமாறு நூலை அமைத்துத் தருதல் எழுதுவோர் பொறுப்பாகும்.

கல்லூரியிற் கற்ற தமிழ் தேர்வோடு முடிவதன்று. மாணவர் தம் அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்குமுன் முதல் வரிக்குத் தலைப்புப் பாணியை அளித்துப் பழகுக. பழைய மாணவர் தம் பெட்டியிற் கிடக்கும் பாமினிக் கோப்புகளை இவ்விழா ஆண்டிலேனும் யூனிகோடுக்கு மாற்றி வைப்பாராக. உரைத்தோம் என்று சொன்ன இடத்தில் உரைத்தது இருக்கவேண்டும். உரைப்போம் என்று சொன்னதை உரைத்தே தீரவேண்டும். நூலறம் என்பது இதுவே.